ஆடிக்கு முந்தின காற்று

மாசி. பழனிசெட்டிபட்டி.

ஊர் திரும்பி நாலு நாளாகிறது. மெஷினில் உட்கார்ந்தால் மிதிக்க மறந்துபோய்ச் சும்மா இருக்கிறேன். எழுதிவைத்தால் தீரும் என்று கணக்கு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். முன்பக்கம் மார்புச் சுற்று, கை நீளம், கழுத்து இறக்கம். பின்பக்கம் இது.

எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். "ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாக. நீ மாசியிலயே பறந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தது. அம்மி என்றது என் எடையைத்தான். எழுபத்தொரு கிலோ. அங்கேயும் முதலில் எடைதான் பார்த்தார்கள்.

*

வர்க்கலாவுக்குப் போனது கடல் பார்க்க. பெரியவன் திருவனந்தபுரத்தில் வேலையாக இருக்கிறான், அவன் ஏற்பாடு. கம்பம், குமுளி, குட்டிக்கானம், அப்புறம் இறக்கம். அந்த வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.

நான் பார்த்த கடல் ராமேஸ்வரமும் திருச்செந்தூரும். இரண்டிலும் கோயிலை விட்டு வந்தால் காலடியில் தண்ணீர். வர்க்கலாவில் கடல் கீழே கிடக்கிறது. கரை அங்கே சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது: மேலே வெட்டுகல், அதற்கடியில் மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக, வெட்டிவைத்த கேக் மாதிரி. இப்படிப்பட்ட மண்ணடுக்குக்கே நிலவியல்காரர்கள் இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்களாம். பாறை நெற்றியில் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். அதற்கு மேலே ஆகாயத்தில் நாலைந்து வண்ணக் குடைகள், ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு பேர்.

பெரியவன் போனில் துருக்கியைக் காட்டினான். அங்கே ஓலுடெனிஸ் என்று ஒரு விரிகுடா. பக்கத்தில் பாபாதா என்று 1,900 மீட்டருக்கும் மேலான மலை. அங்கிருந்து சுற்றுலா வந்தவர்களை முன்னால் கட்டிக்கொண்டு ஓடிப் பாய்ந்து, நீலத் தண்ணீர் மேலே சுற்றிவிட்டுக் கடற்கரையில் இறக்குகிறார்கள். "அங்க போகக் காசு இல்லம்மா, இங்க போவோம்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். சுடிதார் போட்டுக்கொண்டு வரச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இருபத்தேழு வருசத்தில் எனக்காக நான் தைத்த முதல் சுடிதார் அது.

*

ஒரு தாளில் கையெழுத்து கேட்டார்கள். இங்கிலீஷ். பெரியவன் படித்துச் சொன்னான்: எது நடந்தாலும் எங்கள் பொறுப்பு இல்லை. ஒன்றும் ஆகாது என்று வாயால் சொல்கிறவர்கள் அதை எழுதித் தருவதில்லை. போட்டேன்.

பறக்கவைக்கிற பையன் இமாச்சலக்காரன். முப்பதுக்குள் இருக்கும். இந்தியும் மலையாளமும் கலந்த பேச்சு, தமிழில் நாலைந்து சொல். பெரியவன் நடுவில் நின்று மாற்றிச் சொன்னான்.

எனக்கு முதல் சந்தேகம், இவ்வளவு குட்டைப் பாறையிலிருந்து எப்படி? இரண்டு தென்னைமர உயரம் இருந்தால் அதிகம். பையன் கடல்பக்கம் கையை நீட்டினான், பாறையை நோக்கி இழுத்தான், அப்படியே மேலே தூக்கினான். முற்பகலில் தரை சூடேறும். அதன்மேல் உள்ள காற்று லேசாகி மேலே போகும். அந்த இடத்துக்குக் கடல்மேல் கிடக்கிற குளிர்ந்த காற்று உள்ளே வரும். வருகிற வழியில் பாறை முட்டும். முட்டினது மேலேதான் ஏறியாக வேண்டும். பாறையை ஒட்டி ஏறுகிற அந்தப் பட்டையளவு காற்றுக்குள்தான் எல்லாம் நடக்கிறது. குடை எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்குமாம், நொடிக்கு ஒரு மீட்டர் போல. காற்று அதைவிட வேகமாக ஏறினால், குடை இறங்க இறங்க ஆள் மேலே போவான்.

இது எனக்கு உடனே பிடிபட்டது. மதுரை ஜவுளிக்கடையில் மேலே போகிற நகரும் படியில் சின்னவன் கீழே இறங்கி விளையாடுவான். இறங்கிக்கொண்டே இருப்பான், மாடிக்குப் போய்ச் சேருவான்.

இந்தக் காற்றுதான் ஆடியில் எங்கள் ஊருக்கு வருகிறதா என்று கேட்டேன். ஊரைப் பற்றிச் சொன்னேன். கம்பம் பக்கமிருந்து கிளம்பினால் இரண்டு பக்கமும் மலை. நடுவில் புகுந்த காற்று வேறு வழியில்லாமல் எங்கள் தெரு வழியாக ஆண்டிபட்டி, கண்டமனூர் வரைக்கும் ஓடும். அங்கே காற்றாலைகள் நிற்கின்றன. கொடியில் போட்ட துணி பக்கத்துத் தெருவில் கிடக்கும். குலை தள்ளிய வாழை ஒரே ராத்திரியில் சாயும், முட்டுக்கொடுத்திருந்தாலும். எங்களுக்குக் காற்று என்றால் எதையாவது கொண்டுபோவது.

பையன் தலையை ஆட்டினான். இது தினக்கூலிக் காற்று, காலையில் வந்து பொழுது சாய்ந்தால் அடங்கிவிடும். நீங்கள் சொல்வது ஜூனில் வருகிறது. அது வந்தால் நாங்கள் குடையை மடித்துவைத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம் என்றான். ஊருக்குப் போய்ப் பறப்பாயா என்றால், அங்கேயும் கிடையாது. இமாச்சலத்தில் மழைக்காலத் தடை, ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை. 2015-இல் உலகக் கோப்பைப் போட்டியே நடந்த பீர் பில்லிங்கிலும் அப்போது ஒரு குடை எழும்பாது. ஆடியில் எனக்கும் கல்யாண ஜாக்கெட் கிடையாது என்றேன். பெரியவன் இதை மாற்றிச் சொன்னானா தெரியவில்லை. பையன் சிரித்தான்.

*

காற்று கூடிவரக் காத்திருந்த நேரத்தில் குடையைப் பார்த்தேன். புல்லில் விரித்துப் போட்டிருந்தார்கள். இரண்டு பேருக்கான குடை நாற்பது சதுர மீட்டர் வரும் என்றான். மேல்துணி, கீழ்த்துணி என்று இரண்டு. உள்ளே தடுப்புத்துணி வேறு. மனசுக்குள் கணக்கு ஓடியது: நூறு ஜாக்கெட்டுக்குக் குறையாது.

குனிந்து முன்விளிம்பைத் தூக்கினேன். தலையணை உறை மாதிரி வாய் வாயாகத் திறந்திருக்கிறது. பின்விளிம்பு மூடித் தைத்தது. உள்ளே அறை அறையாக; ஒவ்வொரு தடுப்பிலும் வட்ட ஓட்டைகள், ஒரு அறையின் காற்று பக்கத்து அறைக்குப் போக. கம்பி இல்லை, குச்சி இல்லை. காற்று புகுந்து அடைபட்டு நின்றால் அதுவே எலும்பு. இப்படி ஒரு காற்றுப்பை இறக்கையை 1964-இல் வகுத்தவர் டொமினா ஜால்பர்ட் என்று பெரியவன் பிறகு படித்துச் சொன்னான், பட்டம் செய்கிறவராம். கேட்டதும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது, துணியோடு பழகின ஆள். 1978-இல் பிரான்சில் மியுஸி என்ற மலையூரில் வான்குடைக்காரர்கள் மூன்று பேர் விமானச் செலவை மிச்சம்பிடிக்க மலைச்சரிவில் ஓடிப் பறந்து பார்த்தது அப்புறம். சிக்கனத்தில் பிறந்த விளையாட்டு. அதுவும் பிடித்தது.

துணியில் பொடிக்கட்டம். நெடுக்கிலும் குறுக்கிலும் சில மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த இழை ஓடுகிறது. கிழிசல் ஓடிவந்தால் அதில் முட்டி நின்றுவிடும். கிராஸாகப் பிடித்து இழுத்தேன். எந்தத் துணியும் கிராஸில் கொஞ்சம் கொடுக்கும். இது கொடுக்கவில்லை, மேல்பூச்சு அப்படி. வாயில் வைத்து ஊதினேன். மறுபக்கம் உள்ளங்கையில் ஒன்றும் படவில்லை. பையன் அதைப் பார்த்துவிட்டான். "அம்மா டெஸ்ட்!" என்றான். அவர்களும் அதைத்தான் கருவி வைத்துச் செய்கிறார்களாம், துணி வழியாகக் காற்று எவ்வளவு கசிகிறது என்று. வெயில் தின்று பூச்சு போனால் கசியும். கசிந்தால் குடைக்கு வயசாகிவிட்டது.

கயிறுகள் தையல்நூலுக்குக் கொஞ்சம்தான் அண்ணன். ஒரு மில்லிமீட்டர் சொச்சம். ஒன்று நூறு கிலோவுக்கு மேல் தாங்கும் என்றான். தொடைப் பட்டையில் பார்டேக் அடித்திருந்த அழகை மட்டும் பத்து நிமிசம் பார்த்தேன். நெருக்கமான தையல், ஒரு பிசிறு கிடையாது. எங்கேயோ ஒரு பெண் உட்கார்ந்து இதை அடித்திருக்கிறாள். உயிர் போகும் வேலை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் அடிக்கிற ஊக்குப்பட்டி பிய்ந்தால் கல்யாண வீட்டில் ஒரு சேஃப்டி பின்னோடு முடிந்துவிடும்.

*

பதினோரு மணிக்கு மேல் காற்று நின்று பிடித்தது. என்னை முன்னால் கட்டினான், அவன் பின்னால். ஓடு என்றால் ஓட வேண்டும், உட்காரக் கூடாது. மூன்று எட்டு வைத்திருப்பேன். நாலாவது எட்டுக்குத் தரை இல்லை.

பயம் வரும் என்று காத்திருந்தேன். எனக்குத் தெரிந்த உயரம் வீரபாண்டி ராட்டினம். சித்திரைத் திருவிழாவில் அப்பா கூட்டிப்போவார். மேலே போய் ஆள் ஏற்ற நிறுத்துவான், தொட்டில் ஆடும், வயிற்றில் இருந்தது வாய்க்கு வரும். அதே வயிற்றைத்தான் எதிர்பார்த்தேன். வரவில்லை. இங்கே எதுவும் ஆடவில்லை. தரையோடு நம்மைச் சேர்க்கிற கம்பம் ஒன்று இருந்தால்தான் தலைசுற்றல் எல்லாம் போலிருக்கிறது.

காற்று காதில் சீராக அடித்தது. பையனின் தோளில் ஒரு சின்னக் கருவி, மேலே போகும்போதெல்லாம் கோழிக்குஞ்சு மாதிரி கீக் கீக் என்றது. பாறையோரமாக வடக்கே போனோம், கடல்பக்கமாகத் திரும்பினோம், தெற்கே வந்தோம், மறுபடியும் கடல்பக்கமாகத் திரும்பினோம். பாறைப்பக்கம் ஒருநாளும் திரும்பக் கூடாதாம், அதுதான் முதல் பாடம். தறியில் நாடா போய் வருகிற மாதிரி போய் வந்தோம். ஒரு செம்பருந்து எங்கள் மட்டத்துக்கு வந்து, இறக்கையை அசைக்காமல் ஒரு முழுத்தடம் கூடவே வந்தது. கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தது. அதன் வெள்ளைத் தலையில் இரண்டு மூன்று இறகு காற்றில் கலைந்து கலைந்து படிந்தது.

கீழே விடுதி மொட்டைமாடிகளில் வெள்ளை விரிப்புகள் காய்ந்தன. கடலைப் பார்க்கச் சொன்னான். நான் கொடித்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பையன் பின்னாலிருந்து சொன்னான்: "அம்மா, சைக்கிள் வேண்டாம்."

எனக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். என் இரண்டு பாதமும் மிதித்துக்கொண்டிருந்தன. குதிகால், விரல், குதிகால், விரல். கடலுக்கு மேலே, செருப்பைப் பட்டையோடு கட்டின காலால், இல்லாத மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. மோட்டார் போட்டுப் பத்து வருசமாகிறது; கரண்ட் போனால்தான் இப்போது மிதி. காலுக்கு அது தெரியவில்லை.

நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தது. நிறுத்தினேன். அடுத்த திருப்பத்தில் மறுபடி. கடைசியில் நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. நின்ற பிறகு முழங்காலுக்குக் கீழே இரண்டு கனமான பொருள் தொங்குவது தெரிந்தது. வேறு யாருடையதோ மாதிரி. பையன் காற்றுக்கு எதிராகக் குடையைப் பிடித்தான். குடையின் வேகமும் காற்றின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. நாங்கள் ஒரே இடத்தில் நின்றோம். கீழே மணலில் எங்கள் நிழல் நகரவில்லை. செய்ய ஒரு வேலையும் இல்லை. எடுத்துவைக்க ஒரு துணி இல்லை. அடுப்பில் எதுவும் இல்லை.

இதற்கு மேல் அந்த நேரத்தைப் பற்றி எழுத வரவில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை, ஒரு நிமிசம் இருக்கலாம்.

*

கீழே கைதட்டினார்கள். எங்களுக்குத்தான் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன்.

அது பாபநாசம் கடற்கரை. மணலில் வாழையிலை போட்டு வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பலி இடுகிறார்கள், நம் திதி கொடுப்பது. கர்க்கடக அமாவாசைக்கு, நம் ஆடி அமாவாசைக்கு, அங்கே மணல் தெரியாத கூட்டமாம். மற்ற நாளிலும் யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். உருண்டையை வைத்துவிட்டு ஈரக்கையைத் தட்டுகிறார்கள், காக்கைக்கு. இறங்கின பிறகுதான் இது தெரிந்தது. யாருடைய அப்பாவையோ கூப்பிட்டதற்கு நான் மேலேயிருந்து கை காட்டியிருக்கிறேன்.

குடை இறங்கினது மணலில். புட்டம் பதிய உட்கார்ந்தேன். பெரியவன் ஓடிவந்தான். அப்புறம்தான் சொன்னான்: 2023 மார்ச் 7-ஆம் தேதி இதே கடற்கரையில், கோவையிலிருந்து வந்த ஒரு பெண்ணும் ஏற்றிப்போனவரும் உயர்கோபுர விளக்கில் சிக்கி வெகுநேரம் தொங்கினார்களாம், கீழே வலையும் மெத்தையும் விரித்து உயிரோடு இறக்கினார்களாம். "ஏண்டா இத முதல்லயே சொல்லல?" "சொன்னா வருவியா?" வந்திருக்க மாட்டேன். அந்த விளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தேன். விளக்குகளுக்கும் மேலே நான் இருந்திருக்கிறேன்.

பலி இடுகிற இடத்துக்குப் போய் நின்றேன். பாதிப்பேர் பெண்கள். அவர்களே இலை முன்னால் உட்கார்ந்து, அவர்களே எள்ளும் தண்ணீரும் விடுகிறார்கள். அப்பாவுக்குச் சுருளியில் தம்பிதான் செய்கிறான். நான் சோற்றுமூட்டையைப் பிடித்துக்கொண்டு படியில் நிற்பேன். "நீ பண்றியாம்மா?" என்றான் பெரியவன். அடுத்த தடவை என்றேன். ஒரு பெண், என் வயசிருக்கும், தட்டிக்கொண்டே இருந்தாள். காக்கை வரவில்லை. வந்ததா என்று பார்க்க நான் நிற்கவில்லை.

கிளம்பும்போது பையன் ஒரு துண்டுத் துணி கொடுத்தான். ஆரஞ்சு நிறம், இரண்டு கையகலம். ஆயுசு முடிந்த ஒரு குடையில் வெட்டினது.

*

ஆனி.

பெரியாறு அணையில் தண்ணீர் திறந்து பத்து நாளாகிறது. பேப்பரில் வருசா வருசம் ஒரே வரி: லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர். நம் ஊர்ப்பெயர் பேப்பரில் வருவதே அந்த ஒரு வரிக்குத்தான். வாசிக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். கடைசி ஊராக இருப்பதிலும் ஒரு இது இருக்கிறது.

சாயங்காலம் தடுப்பணைப் பக்கம் போனேன். முல்லைப் பெரியாறு கலங்கலாக, நுரையோடு வழிகிறது. அரபிக்கடல்மேல் எழுந்த காற்று மலைக்கு அந்தப்பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வெறும் காற்றாக இந்தப்பக்கம் இறங்குகிறது. கொட்டின மழை 1895-இல் கட்டின அணையில் தேங்கி, சுரங்கம் வழியாக மலையைக் குடைந்துகொண்டு தனியாக வருகிறது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், பாகம் பிரித்துக்கொண்டு வேறு வேறு வழியாக ஒரே ஊருக்கு வந்து சேருகிற மாதிரி. கம்பம், கூடலூர்ப் பக்கமாவது சாரலைப் பார்க்கும். எங்களுக்கு முகத்தில் காற்றும் காலில் தண்ணீரும், தனித்தனியாக.

பெரியவனிடம் போனில் கேட்டேன். வர்க்கலாவில் மழை, குடைகள் எல்லாம் போய்விட்டன என்றான்.

*

ஆடி.

நேற்று முழுக்கக் காற்று. கடைக் கதவை ஒருக்களித்து வைத்து உள்ளே செங்கல் வைத்திருக்கிறேன். மேசையிலிருந்து வெட்டின துண்டு எல்லாம் பறந்து மூலையில் சேருகிறது. கண்ணில் மண். மத்தியானம் கரண்ட் போனது, மிதித்தேன்.

அமாவாசைக்குச் சுருளி போகலாமா என்று தம்பி கேட்டான். வருகிறேன் என்றேன். இந்தத் தடவை நான் உட்காரட்டுமா என்று கேட்க நினைத்தேன். பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

இன்று காலை ஒரு பெண் ஆவணி முகூர்த்தத்துக்கு அளவு கொடுக்க வந்தாள். மெஷினுக்கு அடியில் நான் செருகிவைத்திருந்த ஆரஞ்சுத் துண்டை இழுத்தெடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"கலர் நல்லாருக்கேக்கா. இது என்ன துணி? ஜாக்கெட்டுக்கு ஆகுமா?"

"ஆகாது. காத்து போகாது, வேர்த்துக் கொட்டிரும்."

அவள் போன பிறகு துண்டை வாயில் வைத்து ஊதினேன். மறுபக்கம் உள்ளங்கையில் லேசாகப் பட்டது.